குழந்தையிடம் கேட்காத கணக்கு: தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

14 ஆண்டுகள் வீடு வீடாகப் படியேறிக் கணக்கெடுக்கும் வேலை பார்த்தவள் நான். உடல்நலம், ஊட்டச்சத்து, பள்ளி வருகை, வீட்டுச் செலவு என்று எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். அந்தப் படிவங்கள் எல்லாவற்றிலும் குழந்தை இருந்தது. அதன் உயரம் இருந்தது, எடை இருந்தது, போட்ட தடுப்பூசிகளும் போடாமல் விட்டவையும் இருந்தன, எத்தனாவது படிக்கிறது என்பதும் இருந்தது. குழந்தை தன் வாயால் சொன்ன பதில் மட்டும் ஏறக்குறைய எதிலும் இல்லை. இந்த மாநிலத்துப் பிள்ளைகள் தாங்கள் வளர்க்கப்படும் விதத்தைப் பற்றியும் தங்கள் நலனைப் பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு, முறையாக அளந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் ஏற்பாட்டை ஆணையம் முன்னெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். அப்படிச் செய்யும்போது அந்த அளவு எங்கெங்கே கெட்டுப்போகும் என்பதையும் களத்தில் கண்டவரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வட மாவட்டம் ஒன்றில், ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆய்வில் அபூர்வமாகப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு முழம் தள்ளி அவளுடைய அம்மா முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான்காவது கேள்வி, வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துகிறார்களா என்பது. "ஒண்ணாத்தான் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். நான் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று சத்தம் கேட்கவே, அம்மா முறத்தை வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, அந்த நாலாவது கேள்விய அழிச்சிட்டு மறுபடியும் போடலாமா?"

போட முடியவில்லை. களப்பணியாளர்கள் பதிலைத் திருத்திவிடக்கூடாது என்பதற்காக, 'அடுத்து' என்பதைத் தொட்டுவிட்டால் பின்னால் போக முடியாதபடி அந்த டேப்லெட்டைப் பூட்டிவைத்திருந்தார்கள். அவள் சொன்ன உண்மையான பதிலை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மாலையில் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "டேட்டா ஏறிடுச்சு, விடுங்க" என்றார். அந்த மாவட்டத்தில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் சமமாக நடத்தப்படுகிறார்கள் என்று காட்டும் சதவீதத்தில் அந்தப் பெண்ணின் பொய்யும் ஒரு புள்ளியாக இன்றும் இருக்கிறது.

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டால் போதாதா என்பது அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி. போதாது என்பதற்குப் பழைய சான்றே இருக்கிறது. தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் மன, நடத்தைச் சிக்கல்களைப் பற்றிக் குழந்தைகள் தாமே சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.22 மட்டுமே. முழுமையாக ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும். இதை வைத்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தாய் தான் ஊட்டியதை நினைவில் வைத்திருக்கிறாள், பிள்ளை தன்னிடம் கேட்காமல் டியூஷன் மாற்றியதை நினைவில் வைத்திருக்கிறது, இரண்டுமே நடந்தவைதான். 'கண்டிப்பு' என்று அப்பா சொல்லும் அதே விஷயத்தைப் பிள்ளை 'நான் சொல்றத யாருமே கேக்க மாட்டாங்க' என்று சொல்லுமானால், அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தூரமே நமக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் படிவத்தில் அந்தத் தூரம் பதிவாகவே ஆகாது.

இப்போது நம்மிடம் இருக்கும் புள்ளிவிவரங்களில் பெரும்பாலானவை அந்த ஒருபக்கப் படிவங்களிலிருந்து வந்தவையே. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களும் 15 முதல் 54 வயது வரையிலான ஆண்களும் பதில் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் எடைக்கருவியில் நின்றார்கள், இரத்தம் கொடுத்தார்கள். 2022-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை சுமார் 3.8 லட்சம் மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்டது. படிப்பு, தேர்வு, முடிவுகள் ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று அவர்களில் 81 சதவீதத்தினர் சொன்னார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் அதன் பார்வை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. 2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு 12,447 குழந்தைகளிடம் நேரடியாகப் பேசியது. மூவரில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோரே. 13 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் ஆந்திரமும் கேரளமும் இருந்தன, தமிழ்நாடு இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளைப் பற்றித் தெரிந்துகொண்ட அளவுக்கு நம் வீட்டைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளவில்லை.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதே, கல்வி உதவி எண் 14417 இருக்கிறதே, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறதே என்று சொல்லலாம். அவை வேண்டியவை, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் விழுவது புகார். தாங்க முடியாமல் போன பிள்ளை எழுதிப் போடுவது அது. தாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையும், நன்றாகவே இருக்கும் பிள்ளையும் பெட்டிப் பக்கம் வருவதில்லை. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு பெட்டியில் காகிதம் குறைந்திருந்தால் பிள்ளைகள் நலமாகிவிட்டார்கள் என்றும் கொள்ளலாம், பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றும் கொள்ளலாம்.

இதை ஆணையத்திடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தை உரிமை தொடர்பான ஆய்வுகளை மேற்கொள்வதையும் ஊக்குவிப்பதையும் ஆணையத்தின் பணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், அந்தக் கருத்து வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படும் உரிமையையும் குழந்தைக்குத் தருகிறது. வளர்ப்பைவிட ஒரு குழந்தையைப் பாதிக்கும் விஷயம் வேறு எது?

உலகில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 'குழந்தைகளின் உலகங்கள்' என்ற பன்னாட்டுக் கணக்கெடுப்பின் மூன்றாம் சுற்றில் 35 நாடுகளைச் சேர்ந்த 1,28,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பதில் சொன்னார்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. அதன் கேள்விகள் எளிமையானவை: வீட்டில் எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது, எனக்கு ஒரு சிக்கல் வந்தால் வீட்டில் உதவுவார்கள், நான் சொல்வதைக் கேட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதினருக்குச் சில கேள்விகளில் 0 முதல் 10 வரை எண்களையும், எட்டு வயதினருக்கு முகபாவப் படங்களையும் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 'குழந்தைகள் சங்கம்' என்ற தொண்டு நிறுவனம் 2012 முதல் ஆண்டுதோறும் இப்படிப்பட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டு வருகிறது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான், எந்த வயதில் எது சரிகிறது என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

ஆனால் அவர்கள் படிவத்தை வாங்கித் தமிழில் பெயர்த்து அச்சடித்தால் வேலை முடிந்துவிடாது. நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். 'திருப்தி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "உன் வாழ்க்கை உனக்குத் திருப்தியாக இருக்கிறதா?" என்று ஐந்தாம் வகுப்புப் பையனிடம் கேட்டேன். "திருப்தியா சாப்பிட்டேன்க்கா" என்றான். அவன் கேலி செய்யவில்லை. அவன் வீட்டில் அந்தச் சொல் பந்தியில் மட்டும்தான் புழங்குகிறது. 'மகிழ்ச்சி' என்பது பாடப்புத்தகச் சொல்; அதைக் கேட்டதும் பிள்ளைகள் பாடத்துக்குப் பதில் எழுதுவதுபோல எழுதுகிறார்கள். 'சந்தோஷம்' என்றால் திருவிழாவையும் பிறந்தநாளையும் நினைக்கிறார்கள். சலிப்போடும் பயத்தோடும் அல்லாமல் நாள் போகிறதா என்று கேட்க ஆளுக்கொரு சொல் இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடமிருந்தே பொறுக்கி எடுக்க வேண்டும்.

1991-இல் ஸ்காட் ஹியூப்னர் வெளியிட்ட மாணவர் வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் ஏழே வாக்கியங்கள் கொண்டது. உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு வாக்கியம், எனக்கு வேறு மாதிரியான வாழ்க்கை அமைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பொருள்படுவது. இதை ஒப்புக்கொள்ளும் குழந்தைக்கு மதிப்பெண் குறையும், ஏனென்றால் அது அதிருப்தியின் அடையாளமாம். எங்கள் முன்சோதனையில் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகள்கூட இதை ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால், "கார் இருந்தா நல்லாத்தானக்கா இருக்கும்?" என்றார்கள். ஆசைப்படுவதையும் வருத்தப்படுவதையும் அந்த வாக்கியத்தால் தமிழில் பிரிக்க முடியவில்லை.

வளர்ப்பைப் பற்றிய அளவுகோல்களில் இன்னொரு சிக்கல். 1979-இல் கார்டன் பார்க்கரும் உடனிருந்தவர்களும் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய 25 வாக்கிய அளவுகோல், பதினாறு வயது வரை தாயும் தந்தையும் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பெரியவர்களை நினைவுகூரச் சொல்கிறது. அன்பு, அதிகப்படியான கட்டுப்பாடு என்ற இரண்டை அளக்கிறது. சுவீடனில் 1980-இல் வந்த மற்றொன்று, நிராகரிப்பு, அன்பு, கட்டுப்பாடு ஆகியவற்றோடு, உடன்பிறந்தவர்களைவிட ஒருவருக்கு அதிகச் சலுகை தருவதையும் அளந்தது. பின்னாளில் பல நாடுகளில் பயன்படுத்துவதற்காக அதை 23 வாக்கியங்களாகச் சுருக்கியபோது, இந்தச் சலுகைப் பகுதி இடம்பெறாமல் போய்விட்டது. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்று தட்டிலேயே தெரியும் ஊரில், அந்தக் கைவிடப்பட்ட பகுதிதான் முதலில் வர வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் வேறு சிலவற்றுக்கு எந்த இறக்குமதிப் படிவத்திலும் வாக்கியம் கிடையாது. பிள்ளையிடம் இரண்டு நாள் பேசாமல் இருப்பது; "எதிர் வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்பது; சொந்தக்காரர் முன்னிலையில் மார்க்கைச் சொல்லச் சொல்வது. அடியைவிட இவை வலித்தன என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு.

அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சார்" என்று பிள்ளையைப் பள்ளியில் ஒப்படைத்த தலைமுறை இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, அதனால் பிள்ளைக்கு உறைக்காது என்று வாதிடுபவர்களும் உண்டு. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஜெனிபர் லான்ஸ்ஃபோர்டும் மற்றவர்களும் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அடி சகஜம் என்று கருதப்படும் இடங்களில் அதன் தீங்குத் தொடர்பு சற்று வலுவிழந்து தெரிந்தது. ஆனாலும் அடி கூடும் இடத்தில் பிள்ளைகளின் மூர்க்கமும் பதற்றமும் கூடுதலாகவே இருந்தன. ஆகவே 'அடிக்கிறார்களா' என்று மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது, அடிக்கும்போது அதை எப்படி எடுத்துக்கொள்கிறாய் என்றும் குழந்தையிடம் கேட்க வேண்டும்.

அடுத்து, 'அம்மா', 'அப்பா' என்று இரண்டு பத்திகள் போட்ட படிவம் நம் ஊரில் பல வீடுகளுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவூட்டுகிறேன். பெற்றோர் திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ செங்கல் சூளையிலோ இருக்க, ஆயாவோடு வளரும் பிள்ளை இருக்கிறது. அப்பா வளைகுடாவில் இருக்க, மாமன்தான் கண்டிப்பவர் என்ற வீடு இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் வாரத்துக்கு ஆறு நாள் கழிக்கும் பிள்ளைக்கு வளர்ப்பு என்பது காப்பாளரும் சமையலரும்தான். முதல் கேள்வியே "உன்னை யார் யார் வளர்க்கிறாங்க?" என்று இருக்கட்டும்; பிள்ளை சொல்லும் பெயர்களை வைத்தே மீதிக் கேள்விகள் போகட்டும்.

எங்கே வைத்துக் கேட்பது? செலவு குறைவு என்பதால் வகுப்பறையைத்தான் சொல்வார்கள். ஒரு நடுநிலைப் பள்ளியில் நாங்கள் தாள்களைக் கொடுத்ததும், வகுப்பாசிரியர் உரிமையோடு, "நல்லபடியா எழுதுங்க, நம்ம ஸ்கூல் பேரு கெட்டுடக் கூடாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்த நிமிடமே பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி இடக்கையால் தாளை மறைத்துக்கொண்டார்கள், பரீட்சையில் மறைப்பதுபோல. ஒருவன் எழுந்து, "அக்கா, இதுக்கு மார்க் உண்டா?" என்றான். அதன்பின் வந்த தாள்களில் எல்லாப் பெற்றோரும் தெய்வங்களாக இருந்தார்கள். பள்ளியில் நடத்துவதானால் ஆசிரியர்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். பிள்ளை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேள்வியை ஒலியாகக் கேட்டு, திரையில் படத்தைத் தொட்டுப் பதில் சொல்லும் முறை இப்போது எட்டாத செலவு அல்ல. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் அதுவே வசதி, அருகில் இருப்பவருக்குக் கேள்வியும் தெரியாது. பதிலை மாற்ற வேண்டுமென்றால் பின்னால் போகும் பொத்தான் அந்தத் திரையில் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளியை விட்டு நின்றவர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், இருளர் குடியிருப்புகள், வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கு வீட்டிலோ குடியிருப்பிலோ தனியாகக் கேட்டாக வேண்டும், அவரவர் மொழியில்.

அனுமதி விஷயம் எனக்கு முழுதாகத் தீராத சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்துமூல இசைவும் தேவை. அதோடு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். பெற்றோரைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்கப் பெற்றோரிடமே கையெழுத்து வாங்குகிறோம். யார் வீட்டில் கேட்க வேண்டியது அதிகமோ அந்த வீடு கதவைச் சாத்துவதற்கு வாய்ப்பும் அதிகம். ஒப்புதலைத் தவிர்க்கச் சொல்லவில்லை. எத்தனை வீடுகள் மறுத்தன, எந்தப் பகுதியில் மறுத்தன என்ற எண்ணிக்கையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்கிறேன். மறுப்பு என்பதும் ஒரு தகவல்.

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கணக்கெடுப்பாளர் உட்பட எவருக்கும் கடமை. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. "நீ சொல்றது யாருக்கும் தெரியாது" என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அதை மீறும் நிலையில் களப்பணியாளரை நிறுத்தக்கூடாது. பாலியல் வன்முறை பற்றிய கேள்விகளை இந்தக் கணக்கெடுப்பில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குத் தேர்ந்தவர்கள் நடத்தும் தனி ஆய்வு வேண்டும். ஆனாலும் கேட்காமலேயே சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் எந்த ரகசியத்தை நாங்கள் காக்க முடியாது என்பதைத் தொடங்கும் முன்பே, அவர்களுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவர் நேரில் இருக்க வேண்டும். உதவி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுவது போதாது.

கடைசியாக, இந்தப் பதில்கள் எங்கே போய்ச் சேரும் என்பது. இவை பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் குழந்தையின் பெயருக்கு எதிரே ஒரு கட்டமாக ஆகிவிடக்கூடாது. மாதிரிக் கணக்கெடுப்பாக, பெயரில்லாமல் நடக்க வேண்டும். மாவட்டங்களை வரிசைப்படுத்தி முதலிடம், கடைசி இடம் என்று பட்டியல் போட்டால் அடுத்த சுற்றிலேயே மாவட்ட அலுவலகங்கள் பிள்ளைகளுக்குப் 'பயிற்சி' கொடுக்கத் தொடங்கிவிடும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் அந்த விளையாட்டை நாம் பார்த்தவர்கள்தாம். முடிவுகளைக் குழந்தைகள் படிக்கும்படியான நான்கு பக்கத் தமிழில் அவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். 14 ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் தகவல் வாங்கினேன். ஒரு வீட்டுக்காவது முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

ஆணையம் வரைவுக் கேள்விகளைத் தயாரிக்க முன்வருமானால், அச்சுக்குப் போகும் முன் கொங்குப் பகுதியில் ஓர் ஊர், நெல்லைப் பக்கம் ஓர் ஊர், சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்று, மலைக்கிராமம் ஒன்று என நான்கு இடங்களிலாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள் என்று பார்த்துத் திருத்த வேண்டும். அந்த முன்சோதனைக்கு என் பழைய குறிப்பேடுகளோடு வர நானும், என்னோடு களத்தில் பணியாற்றிய சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். பயணப்படி போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் களக் கணக்கெடுப்பாளர் ஒருவர்